கேள்வி – பதில்: முட்டைக்கோது தின்னும் றோசா

கேள்வி: அக்கா, திருநெல்வேலியில் வாங்கிய ஒட்டு றோசாக் கன்று முதல் வருடம் உள்ளங்கை அளவில் பூத்தது. இப்போது சின்னச் சின்னப் பூ, அதுவும் எப்போதாவது. கொழுந்தெல்லாம் மஞ்சள். கிழமைக்கு ஒருக்கால் முட்டைக்கோதும் தேயிலைச் சக்கையும் போடுகிறேன். இன்னும் என்ன போடலாம்?
– வாசகி, கோண்டாவில், யாழ்ப்பாணம்

பதில்: தங்கச்சி, போட்டதெல்லாம் போதும். முதலில் அந்த முட்டைக்கோதை நிறுத்துங்கள். தேத்தண்ணிக்கு வைக்கும் கேத்திலின் அடியைப் பாருங்கள், வெள்ளையாகப் படை பிடித்திருக்கும். றோசா குடிப்பதும் அதே கிணற்றுத் தண்ணீரைத்தான். சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கும் குடாநாடு இது. கோதும் சுண்ணாம்புதான், இங்கே அதையும் போடுவது கடலில் உப்புக் கரைக்கிற வேலை. சுண்ணாம்பு கூடினால் மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. இலை நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இடைவெளி மஞ்சளாகிறதா? அப்படியென்றால் அதுதான்.

நானும் கோதை உரலில் இடித்துப் போட்டவள்தான். ஒரு மாரியில், கூரைப் பீலிக்குக் கீழே மறந்து விட்ட சாடி மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது. மற்றச் சாடிகளுக்குக் கிணற்றுத் தண்ணீர், இதற்கு மழைத்தண்ணீர். அன்றே பீலியடியில் ஒரு பீப்பாய் வைத்தேன். மூடி போட மறக்காதீர்கள், நுளம்பு பெருகும்.

மழைத்தண்ணீர் முடிந்தால் கிணற்றுத் தண்ணீர்தான், வேறு வழியில்லை. அதிலுள்ள சுண்ணாம்பைச் சமாளிக்கத்தான் மாதம் ஒருக்கால் நன்றாக உக்கிய மாட்டெரு இரண்டு கை, தண்டில் முட்டாமல். மஞ்சள் மாறாவிட்டால் இரும்புச் சத்துக் கலவையைப் பின்னேரம் இலையில் தெளியுங்கள்.

சரி, பூவை எப்படிப் பறிக்கிறீர்கள் என்று எழுதவில்லையே? சாமிக்கென்று கழுத்தோடு கிள்ளுகிறீர்கள் என்றுதான் நினைக்கிறேன், இங்கே எல்லோரும் அப்படித்தான். மிஞ்சும் மெல்லிய காம்பில் தளிர்ப்பதும் மெல்லிசாகவே இருக்கும், பூவும் சிறுக்கும். பூவுக்குக் கீழே மூன்று இலைக் கொத்தைத் தாண்டி, ஐந்து இலைக் கொத்து வரும். அதில் வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, கூரான கத்தரிக்கோலால் சாய்வாக வெட்டுங்கள். சாமிக்குக் காம்போடு வைத்தால் ஒன்றும் குறையாது. ஆறேழு கிழமையில் அடுத்த பூ.

இன்னொன்று, ஒட்டுக்குக் கீழிருந்து தடி கிளம்பியிருக்கிறதா பாருங்கள். செழிப்பைக் கண்டு ஏமாறாதீர்கள், அது ஒட்டைத் தாங்கும் அடிமரத்தின் கிளை, நீங்கள் வாங்கிய றோசா அல்ல. மண்ணைக் கிளறி, கிளம்பிய இடத்தோடு பிய்த்து எறியுங்கள். வெட்டினால் திரும்ப முளைக்கும்.