பாதரசம் மட்டும் ஏன் ஓடுது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தங்கத்தோட அணு எண் 79, பாதரசத்துக்கு 80. ஒரே ஒரு புரோட்டான்தான் கூட. அப்புறம் எப்படி தங்கம் கட்டியா இருக்கு, பாதரசம் ஓடுது? கிளாஸ்ல கேட்டா "எலக்ட்ரான் அமைப்பு அப்படி"ன்னு சொல்லிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிட்டாங்க.
– ப்ளஸ் டூ மாணவி, திண்டுக்கல்

பதில்: அவங்க சொன்னது சரிதான்மா, ஆனா பாதிதான் சொல்லியிருக்காங்க. நல்ல கேள்வி, கொஞ்சம் பொறுமையா பாப்போம்.

பாதரச அணுவுல நடுவுல 80 புரோட்டான், சுத்தி 80 எலக்ட்ரான், ஷெல் வாரியா எழுதினா 2, 8, 18, 32, 18, 2. தங்கமும் அப்படியேதான், கடைசியில மட்டும் 2க்கு பதிலா 1. அந்தக் கடைசி எலக்ட்ரான் இருக்கிற இடத்துக்கு 6எஸ்னு பேரு, அதுல ரெண்டு சீட்டுதான். தங்கத்துல ஒரு சீட் காலியா இருக்கு, அதனால பக்கத்து அணுக்களோட எலக்ட்ரானைப் பங்கு போட்டுக்கிட்டு கெட்டியா பிடிச்சுக்குது, 1064 டிகிரி வரைக்கும் சூடு பண்ணினாதான் உருகும். பாதரசத்துல ரெண்டு சீட்டும் ஃபுல், பக்கத்து அணுவோட சேர அதுக்கு அவ்வளவு நாட்டம் இல்ல.

நிறைய பேர் இதோட முடிச்சிடுவாங்க. ஆனா பீரியாடிக் டேபிளை எடுத்துப் பாரு, பாதரசத்துக்கு மேலயே துத்தநாகமும் காட்மியமும் இருக்கு, அதுகளுக்கும் கடைசியில ரெண்டு எலக்ட்ரான்தான், ஆனா துத்தநாகம் உருக 419 டிகிரி வேணும், காட்மியத்துக்கு 321. பாதரசமோ மைனஸ் 39லயே உருகிடுது. அப்ப ரெண்டு சீட்டும் ஃபுல்லுங்கிறது மட்டும் காரணமா இருக்க முடியாதுல்ல?

மீதிக் காரணம் வேகம். 80 புரோட்டான் சேர்ந்து இழுக்கிற இழுப்புல, ரொம்ப உள்ள இருக்கிற எலக்ட்ரானோட வேகம் ஒளி வேகத்துல கிட்டத்தட்ட 58 சதவீதத்துக்குப் போயிடுது, ஹைட்ரஜன்ல இது ஒரு சதவீதம் கூட வராது. இவ்வளவு வேகம்னா ஐன்ஸ்டீனோட சார்பியலை ஒதுக்கிட்டு கணக்குப் போட முடியாது, எலக்ட்ரான் கனமான மாதிரி ஆகி அதோட இடம் நியூக்ளியஸ், அதாவது அணுவோட நடு மையம், பக்கமா சுமார் 20 சதவீதம் சுருங்கிடுது. 6எஸ் எலக்ட்ரான் வெளியில இருந்தாலும் நியூக்ளியஸ் கிட்ட வரைக்கும் வந்து போறதுதான், அதனால அதுவும் கூடவே சுருங்கும். ஏற்கனவே ஃபுல், இப்ப உள்ள வேற இழுத்தாச்சு, பக்கத்து அணுவோட பங்கு போட பெருசா ஒண்ணும் மிஞ்சல. அதான் ஓடுது. எனக்கு வேதியியல்ல ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான், ஐன்ஸ்டீன் ராக்கெட்டுக்கும் நட்சத்திரத்துக்கும் மட்டும்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம், ஆனா காய்ச்சல் பாக்குற தெர்மாமீட்டருக்குள்ளயே அவர் இருக்கார்.

கேள்வி: இதெல்லாம் யாராவது சரி பார்த்திருக்காங்களா, இல்ல சும்மா தியரியா?
– வாசகர், ஓசூர்

பதில்: பார்த்திருக்காங்க சார். 2013ல பீட்டர் ஷ்வெர்ட்ஃபேகர்ங்கிற வேதியியல் விஞ்ஞானியும் கூட வேலை பார்த்தவங்களும் கம்ப்யூட்டர்ல பாதரசத்தை ரெண்டு விதமா உருக்கிப் பார்த்தாங்க, சார்பியலைச் சேத்து ஒரு தடவை, சேக்காம ஒரு தடவை. சேக்கலைன்னா உருகுநிலை 82 டிகிரிக்குப் போயிடுது, அதாவது நம்ம ஊர் மே மாச வெயில்ல கூட கட்டியாத்தான் கிடக்கும்.

தங்கத்தோட நிறமும் இதே கதைதான். 6எஸ்ஸோட ஆற்றல் கீழ இறங்க இறங்க, அதுக்கு உள்ள ஷெல்லுல 5டிங்கிற இடத்துல இருக்கிற எலக்ட்ரானுக்கும் அதுக்கும் நடுவுல உள்ள ஆற்றல் இடைவெளி குறைஞ்சு, நீல ஒளியை தங்கம் உறிஞ்சிடுது, மிச்ச ஒளி மஞ்சளா திரும்பி வருது. வெள்ளியில அந்த இடைவெளி பெருசு, புற ஊதா ஒளியைத்தான் உறிஞ்சும், அதான் வெள்ளையா இருக்கு. ஈயமும் அப்படித்தான், ஈயத்தை வச்சு ஓடுற கார் பேட்டரியோட 12 வோல்ட்டுல சுமார் 10 வோல்ட் சார்பியலால வர்றதுன்னு 2011ல கணக்குப் போட்டுக் காட்டினாங்க.

கேள்வி: சித்தர்கள் பாதரசத்தை தங்கமா மாத்தினாங்கன்னு சொல்றாங்களே, ஒரு புரோட்டானை எடுத்துட்டா போதும்தானே?
– வாசகர், கரூர்

பதில்: போதும்தான், ஆனா அந்த ஒண்ணை எடுக்கிறதுதான் கஷ்டம். எத்தனை புடம் போட்டாலும் நெருப்பு வெளி எலக்ட்ரானைத்தான் தொடும், நியூக்ளியஸை அசைக்காது. நியூட்ரானால அடிச்சா முடியும். பாதரசம்-196, அதாவது புரோட்டானும் நியூட்ரானும் சேர்த்து 196 இருக்கிற பாதரச வகை, ஒரு நியூட்ரானை வாங்கி 197 ஆகும், அப்புறம் அதோட ஒரு புரோட்டான் உள் ஷெல் எலக்ட்ரானை முழுங்கி நியூட்ரானா மாறிடும், 80 போய் 79, சுத்தமான தங்கம். ரெண்டரை நாளைக்குக் கொஞ்சம் மேல ஆனா பாதி மாறியிருக்கும். சிக்கல் என்னன்னா இயற்கைப் பாதரசத்துல அந்த 196 வெறும் 0.15 சதவீதம்தான், ஆகுற செலவுக்கு கடையில போய் வாங்கிடலாம். 1941ல ஹார்வர்டுல வேகமான நியூட்ரானால அடிச்சுப் பார்த்தாங்க, தங்கம் கிடைச்சுது, ஆனா கதிரியக்கம் உள்ள தங்கம்.

கேள்வி: பழைய தெர்மாமீட்டர் உடைஞ்சு பையன் அந்த குண்டுமணியை உருட்டி விளையாடிட்டான். பயமா இருக்கு.
– வாசகி, தேனி

பதில்: கையில பட்டதுக்கு பயப்படாதீங்கம்மா, சோப்புப் போட்டு கழுவிடுங்க. பயப்பட வேண்டியது அதோட ஆவிக்குத்தான். அணுக்கள் ஒண்ணையொண்ணு லேசாத்தான் பிடிச்சிருக்குன்னு மேல சொன்னேன்ல, அதனால ரூம் சூட்டுலயே தனித்தனி அணுவா கிளம்பி காத்துல கலக்கும், நிறமும் இல்ல வாசனையும் இல்ல, மூச்சுல போனா பெரும்பகுதி உடம்புல தங்கிடும். பையனை வேற ரூமுக்கு அனுப்பிட்டு ஜன்னலைத் திறந்து வைங்க. துடைப்பம், வேக்குவம் கிளீனர் ரெண்டும் வேணாம், அது இன்னும் சிதறடிக்கும். கெட்டி அட்டையால ஓரம் ஓரமா ஒதுக்கி மூடி போட்ட பாட்டில்ல எடுத்து வைங்க, சிங்க்ல ஊத்திடாதீங்க. முக்கியமா மோதிரம், வளையலைக் கழட்டிட்டு வேலையை ஆரம்பிங்க, தங்கத்துல பாதரசம் பட்டா உடனே ஒட்டி வெள்ளையாயிடும். பையனுக்கு இருமல், மூச்சுத் திணறல் ஏதாவது தெரிஞ்சா அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டிடுங்க.