வினைக்குப் பக்கத்தில் நிற்பதெல்லாம் எழுவாய் அன்று

வங்கித் தேர்வுக்குப் படித்துவரும் வாசகி ஒருவர், ஆங்கிலத்தில் எழுவாயும் வினையும் இயைய வேண்டிய விதிகளையெல்லாம் மனப்பாடம் செய்தும் பிழை கண்டறியும் வினாக்களில் தொடர்ந்து தவறுவதாகவும், இதற்கு எப்படிப் பயிற்சி செய்வது என்றும் கேட்டிருக்கிறார்.

விதி தெரியாததால் நேரும் தவறு இதில் குறைவு என்பதே என் கருத்து. வினைமுற்றின் ஈற்றிலேயே திணை, பால், எண், இடம் காட்டும் மொழியைப் பேசும் நமக்கு இயைபு புதிதன்று. இடறல் சொல் வரிசையில் இருக்கிறது. ‘காய்கறிகளின் விலை ஏறுகிறது’ என்னும்போது ‘விலை’ என்ற எழுவாய் வினையை ஒட்டியே நிற்கிறது; ‘தி ப்ரைஸ் ஆஃப் வெஜிடபிள்ஸ் இஸ் ரைசிங்’ என்னும்போதோ எழுவாய் முன்னே போய்விட, ‘வெஜிடபிள்ஸ்’ என்ற பன்மைப் பெயர் வினைக்குப் பக்கத்தில் வந்து அமர்ந்துகொள்கிறது. அதைப் பார்த்துத்தான் கை ‘ஆர்’ என்று எழுதிவிடுகிறது. (ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களும் இந்த இடத்தில் தவறுவதுண்டு.)

ஆகவே நாள்தோறும் ஆங்கில நாளிதழில் ஒரு பத்தியை எடுத்து, எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே ‘ஆஃப்’, ‘வித்’, ‘அலாங் வித்’, ‘அஸ் வெல் அஸ்’ போன்ற சொற்களில் தொடங்கும் பகுதிகளைப் பென்சிலால் அடைத்துவிட்டு, மிஞ்சும் எழுவாயையும் வினையையும் மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் வொர்க்ஸ் ஹியர்’ என்பதில் மிஞ்சுவது ‘ஒன் வொர்க்ஸ்’. ஐயத்துக்கு இடமே இல்லை.

எழுத்துப் பயிற்சியை நிகழ்காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இறந்தகாலத்தில் ‘வாஸ்’, ‘வேர்’ தவிர மற்ற வினைகள் எல்லா எழுவாய்க்கும் ஒரே வடிவில் நிற்பதால், அங்கே எவ்வளவு எழுதினாலும் உங்கள் பலவீனம் வெளியே தெரியாது. உங்கள் அன்றாட வேலைகளை ‘ஐ’ என்று தொடங்கி ஐந்து வாக்கியங்களில் எழுதி, பிறகு ‘மை சிஸ்டர்’ என்று மாற்றி எழுதுங்கள்: ‘ஐ கெட் அப்’ என்பது ‘மை சிஸ்டர் கெட்ஸ் அப்’ ஆகும். அதையே வினாவாக்கினால் ‘டஸ் ஷி கெட் அப்’ என்றாகி, ‘எஸ்’ துணைவினைக்குத் தாவிவிடுவதையும் கவனியுங்கள்.

நம் பேச்சு வழக்கிலிருந்து ஒட்டிக்கொள்ளும் பிழைகளும் உண்டு. ‘மாடுகள் வந்தன’ என்று எழுதினாலும் பேசும்போது ஒருமை வினையே வாயில் வருவதால், ‘தி புக்ஸ் இஸ்’ நம் காதுக்கு உறுத்துவதில்லை. ‘எல்லோரும் வந்தார்கள்’ என்ற பன்மைப் பழக்கமோ, ஒருமை வினை கொள்ள வேண்டிய ‘எவ்ரிபடி’க்கும் பன்மை வினையைச் சேர்க்கத் தூண்டும்.

‘ஐதர்’, ‘நைதர்’ வாக்கியங்களை இரண்டு வாரம் தள்ளிவையுங்கள். ‘ஐதர் தி மேனேஜர் ஆர் தி க்ளார்க்ஸ் ஹேவ் தி கீ’ என்பதில் வினையின் எண்ணை முடிவுசெய்வது பக்கத்தில் நிற்கும் பெயரே என்பதால், மேலே சொன்ன பழக்கம் கையில் படியும் முன் இதைத் தொட்டால் இரண்டும் குழம்பிவிடும்.