காரைக்குடியிலிருந்து யாழ்ப்பாணம் போகிறோம். போர் நடந்த ஊர்களில் எதைப் பார்க்கலாம், எப்படி நடந்துகொள்வது?

நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் துறைமுகமான காங்கேசன்துறைக்குக் கப்பல் உண்டு. மழைக்காலத்தில் நின்றுவிடும், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

முதலில் யாழ்ப்பாணப் பொது நூலகம். 1981-இல் எரித்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. கட்டடத்தைத் திரும்பக் கட்டிவிட்டார்கள், சுவடிகளை என்ன செய்ய?

நம் செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கும் வீடுகள், பெரும்பாலும் பங்காளிகள் வெளியூர் போய்விட்டதால் பூட்டியவை. அங்கே கூரையில்லாமல் நிற்கும் வீட்டின் கதை வேறு. அக்கம்பக்கத்தில் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். வீட்டில் யாரை இழந்தீர்கள் என்று நீங்களாகக் கேட்கவும் வேண்டாம். அவர்களாகச் சொன்னால் உட்கார்ந்து கேளுங்கள்.

அப்புறம், யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கே போகும் ஏ9 நெடுஞ்சாலையில் ஆனையிறவு, கிளிநொச்சி தாண்டிப் போகும்போது கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை தெரிந்தால் சாலையை விட்டு இறங்கவே கூடாது. போர் 2009-இல் முடிந்தாலும் வெடி அகற்றும் வேலை இன்னும் தீரவில்லை. ராணுவ முகாம் பக்கம் கேமராவை உள்ளே வைத்துவிடுங்கள்.