பாம்பேய், ஹெர்குலேனியம்: போகிறவர்கள் கேட்டவையும் என் பதில்களும்

இரண்டும் இத்தாலியில் நேப்பிள்ஸுக்கு அருகே, கி.பி. 79-ல் வெசுவியஸ் எரிமலை வெடித்துப் புதைந்துபோன ரோமானிய ஊர்கள்.

கேள்வி: நேப்பிள்ஸிலிருந்து எப்படிப் போவது?

சொரெண்டோ போகும் சர்க்கம்வெசுவியானா ரயிலைப் பிடியுங்கள். 'பாம்பேய் ஸ்கவி' நிலையத்துக்குப் பக்கத்திலேயே நுழைவாயில். ஹெர்குலேனியத்துக்கு 'எர்கோலானோ ஸ்கவி'யில் இறங்கிக் கடல் பக்கமாக நேரே நடக்க வேண்டும். ரயில் நெரிசலில் பர்ஸ் பத்திரம். அப்புறம், உள்ளே போனதும் சுவர் ஓவியங்களைத் தொடாதீர்கள்.

கேள்வி: இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம். எதைப் பார்க்கலாம்?

ஹெர்குலேனியம். பாம்பேய் மேல் முதலில் மழையாகக் கொட்டியது எரிமலை கக்கிய நுரைக்கல், பாரம் தாங்காமல் கூரைகள் இடிந்தன. ஹெர்குலேனியத்தையோ கொதிக்கும் சாம்பலும் வாயுவும் சேர்ந்த அலைகள் மூடி, சுமார் 20 மீட்டர் உயரத்துக்குப் பாறையாக இறுகிவிட்டன, அதனால் மரம்கூட கரியாகி அப்படியே நிற்கிறது: மாடி, உத்தரம், கதவு எல்லாம். ஒரு வீட்டில் கூடத்தை மறைக்கும் மடக்குத் தடுப்பு இருக்கிறது, விளக்கு மாட்டும் வெண்கலக் கொக்கிகளோடு. கீழே பழைய கடற்கரையில் படகுக் கொட்டகைகள். தப்பிக்க ஓடிவந்து ஒதுங்கிய சுமார் 300 பேரின் எலும்புக்கூடுகள் அங்கேதான் கிடைத்தன. தயவுசெய்து அங்கே நின்று செல்ஃபி எடுக்காதீர்கள்.

கேள்வி: பாம்பேய்க்கு அரை நாள் போதுமா?

போதாது. மொத்தம் சுமார் 66 ஹெக்டேர், அதில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் மண்ணுக்குள். நாள் முழுக்க ஒதுக்குங்கள், வழுக்காத ஷூ, தண்ணீர், தொப்பி அவசியம்.

கேள்வி: வெடித்தது கி.பி. 79 ஆகஸ்ட் 24 என்று படித்தோமே, இப்போது அக்டோபர் என்கிறார்களே?

நான் அக்டோபர் பக்கம்தான். 2018-ல் ஒரு வீட்டுச் சுவரில் கரியால் எழுதிய குறிப்பு கிடைத்தது, நம் கணக்கில் அக்டோபர் 17. மாதுளை, குளிர்காயும் கணப்புச் சட்டிகள் என்று இலையுதிர்கால அடையாளங்களும் முன்பே கிடைத்திருந்தன.

கேள்வி: அந்தக் குறிப்பில் ஆண்டே இல்லையே! முந்தைய வருஷத்து எழுத்தாக இருக்கலாமே?

நியாயமான கேள்வி. ஆனால் அது பழுதுபார்ப்பு நடந்துகொண்டிருந்த வீடு, கரியெழுத்து கைபட்டாலே அழியும். ஒரு வருஷம் தாங்கியிருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

கேள்வி: நேரில் பார்த்த ரோமானிய எழுத்தாளர் பிளினியே ஆகஸ்ட் என்று எழுதியிருக்கும்போது கரிக்கிறுக்கலை நம்புவதா?

இளைய பிளினி வளைகுடாவுக்கு அப்பால் மிசேனத்திலிருந்து பார்த்தவர், வெடிப்பை அவர் விவரித்ததில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வரலாற்றாசிரியர் டாசிட்டஸுக்கு அவர் எழுதிய கடிதம் நமக்குக் கிடைத்தது பல நூற்றாண்டுகள் கையால் படியெடுத்த ஏடுகளில், தேதியோ ஏட்டுக்கு ஏடு மாறுகிறது. பிளினியை நம்பலாம், படியெடுத்தவரின் ரோமானிய மாதக் கணக்கை அப்படியே நம்ப வேண்டியதில்லை.

கேள்வி: மூன்று மணி நேரத்தில் பாம்பேய் முடிக்கலாமா?

மேலே அரை நாள் கேட்டவருக்குச் சொன்ன பதில்தான்.

கேள்வி: டிக்கெட் அங்கே போய் வாங்கலாமா?

முன்பதிவு நல்லது. 2024 நவம்பர் முதல் பாம்பேயில் ஒரு நாளைக்கு 20,000 பேருக்குத்தான் அனுமதி, டிக்கெட்டில் பெயர் இருக்கும், அடையாள அட்டை கையில் இருக்கட்டும். சுவரைத் தொடாதீர்கள்.

கேள்வி: பாம்பேயில் இந்தியச் சிலை ஒன்று இருக்கிறதாமே, எந்த வீடு?

1938-ல் கிடைத்த தந்தச் சிலை. 'லட்சுமி' என்று பெயர் வைத்துவிட்டார்கள், யட்சி என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அதை வீடுகளில் தேடாதீர்கள், நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை விடுமுறை.