கடிதம்: ரூட் கடவுச்சொல்லுக்குப் பிறகு

மதிப்பிற்குரிய ஐயா,

நான் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் மாணவர் கணினி மன்றத்தின் சர்வரைப் பராமரிக்கும் சிஸ்டம் அட்மினாக இந்த ஆண்டு என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். எனக்கு முன் அப்பொறுப்பில் இருந்த அண்ணன், கணினி முழுவதையும் ஆளும் ரூட் கணக்கின் கடவுச்சொல்லைச் சொல்லிவிட்டு, "சர்வர் நிற்காமல் பார்த்துக்கொள், அவ்வளவுதான்" என்று விடைபெற்றார். சென்ற வாரம் மன்றச் செயலாளர், ஓர் உறுப்பினர் மீது சந்தேகம் இருப்பதாகவும் அவருடைய கோப்புகளைத் திறந்து பார்க்கும்படியும் சொன்னார். தயங்கி நாள் கடத்திக்கொண்டிருக்கிறேன். என் கடமை எது, எதுவரை?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தயக்கம் சரியானது. யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் வழிவந்த கணினிகளில், ஒரு கோப்பை யார் படிக்கலாம், யார் படிக்கக்கூடாது என்று எழுதிவைத்திருக்கும் அனுமதிகள் ரூட் கணக்கைத் தடுப்பதில்லை. ஆகவே கணினி விதிக்காத எல்லையை அந்தக் கணக்கை வைத்திருப்பவரே தனக்கு விதித்துக்கொள்ள வேண்டும். சொந்தக் கணக்கில் இருந்தபடியே ரூட் அதிகாரத்தோடு கட்டளையிட உதவும் சுடோ நிரலை முதன்முறை இயக்குபவருக்கு வழக்கமாகத் தோன்றும் மூன்று அறிவுரைகளில் முதலாவதே பிறருடைய அந்தரங்கத்தை மதிக்கச் சொல்வதுதான். பெரிய நிறுவனத்தின் அட்மினுக்குப் பயனர்களில் பெரும்பாலோர் முகமறியாதவர்கள்; உங்களுக்கோ அவர்கள் வகுப்பில் பக்கத்தில் அமர்பவர்கள். அதனால்தான் மாணவர் மன்றத்தில் இந்த எல்லை இன்னும் கடுமையாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

எந்தக் கணக்கு எவ்வளவு வட்டு இடத்தை எடுக்கிறது, எந்த நிரல் செயலியை விழுங்குகிறது, யார் எப்போது உள்நுழைந்தார்கள் என்று பார்ப்பது உங்கள் வேலை. ஒரு கணக்கிலிருந்து வேறு கணினிகள் தாக்கப்படுகின்றன என்று தெரிந்தால், அந்த நிரலை நிறுத்திக் கணக்கைப் பூட்டுவதும் உங்கள் வேலையே. இவை எதற்கும் ஒருவருடைய கோப்புக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தேவையில்லை. செயலாளரிடம், காரணத்தை எழுத்தில் தந்து, செயற்குழுவும் பொறுப்பாசிரியரும் சேர்ந்து முடிவெடுத்து, அந்த உறுப்பினருக்கும் தெரிவித்த பிறகே இது பற்றிப் பேச முடியும் என்று சொல்லிவிடுங்கள். சந்தேகம் தேர்வு பற்றியதோ ஒப்படைப்பு பற்றியதோ என்றால், அதை விசாரிக்க வேண்டியது கல்லூரி, நீங்கள் அல்ல.

உங்கள் அண்ணன் சொன்ன "அவ்வளவுதான்" என்பதோடு எனக்கு உடன்பாடில்லை. மாணவர் மன்றத்தின் சர்வருக்குப் பேராபத்து பட்டமளிப்பு நாளன்று வருகிறது. எல்லாம் தெரிந்தவர் அன்று போய்விடுகிறார். மன்றத்தின் டொமைன், அதாவது இணைய முகவரி, அவருடைய சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கும். புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பு அவர் திறந்துபார்க்காத அஞ்சல்பெட்டிக்குப் போகும். இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு எண் அவர் கைப்பேசிக்கு வரும். இரவு இரண்டு மணிக்குத் தானாக ஓடும் பேக்கப், அதாவது காப்பு நகல் எடுக்கும் வேலை, அவருடைய கணக்கின் கீழ் ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கணக்கை நீக்கும் நாளில் அதுவும் நின்றுவிடும். நீக்குவதிலும் ஒரு நுட்பம் உண்டு: பெயர் போனாலும், அவர் பிற இடங்களில் விட்டுச்சென்ற கோப்புகளில் அவர் கணக்குக்குக் கணினி தந்த பயனர் எண் அப்படியே இருக்கும், அதே எண்ணைப் புதிய மாணவருக்குக் கொடுத்தால் அந்தக் கோப்புகள் சத்தமில்லாமல் அவருடையவையாகிவிடும். முதலில் கணக்கைப் பூட்டுங்கள், கோப்புகளை எடுத்துக்கொள்ள அவகாசம் கொடுங்கள், பிறகு நீக்குங்கள், எண்ணை மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

ரூட் கடவுச்சொல்லை இன்றே மாற்றி, உறையிலிட்டு ஒட்டிப் பொறுப்பாசிரியரிடம் கொடுத்துவையுங்கள். அன்றாட வேலையை அவரவர் கணக்கிலிருந்து சுடோ வழியாகச் செய்யுங்கள்; எல்லோரும் ஒரே ரூட் கணக்கில் நுழைந்தால், எந்தக் கட்டளையை யார் இட்டார் என்பது பதிவில் தெரியாது. பாதுகாப்புப் புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடாதீர்கள்.

பேக்கப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டு வட்டுகளில் ஒரே தரவை ஒரே நேரத்தில் எழுதும் ரெய்டு அமைப்பு, வட்டு பழுதானால் காப்பாற்றும். தவறுதலாக அழித்தால் இரண்டிலும் அழித்துவிடும். அதைப் பேக்கப் என்று எண்ணி நிம்மதியாக இருப்பவர்கள் நிறையப் பேர். 2017 ஜனவரி 31 அன்று நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், வேறு சர்வர் என்று நினைத்து முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புகளை அழித்துவிட்டார். அப்போதுதான் வழக்கமான பேக்கப்புகள் உருவாகவே இல்லை என்று தெரிந்தது. ஏறக்குறைய 6 மணி நேரம் முன்பு தற்செயலாக எடுக்கப்பட்ட ஒரு நகலைக் கொண்டு மீண்டார்கள். நடந்ததை அந்நிறுவனம் மறைக்காமல் உடனுக்குடன் வெளியிட்டது. அதை நான் பெரிதும் மதிக்கிறேன். உங்கள் கையாலும் ஒருநாள் ஏதாவது அழியும். அன்று உறுப்பினர்களுக்கு நீங்களே முதலில் எழுதுங்கள்.

பருவத்துக்கு ஒருமுறையாவது ஒரு கோப்புறையைப் பேக்கப்பிலிருந்து மீட்டுப் பாருங்கள். செய்யும் மாற்றம் ஒவ்வொன்றையும் தேதி, காரணத்தோடு குறிப்பேட்டில் எழுதுங்கள். முதலாம் ஆண்டு மாணவர் ஒருவரை இப்போதே துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மீட்புச் சோதனையை, நீங்கள் வாய் திறக்காமல் பக்கத்தில் அமர்ந்திருக்க, குறிப்பேட்டை மட்டும் வைத்துக்கொண்டு அவரே செய்யட்டும். அவர் எந்த வரியில் தடுமாறி நிற்கிறாரோ, அந்தப் பக்கத்தை அன்றிரவே திருத்தி எழுதிவிடுங்கள்.

அன்புடன்.