டிஸ்க் போய்விட்டதா, வழி மறந்துவிட்டதா? கணினி கேள்வி–பதில்

கேள்வி: சிஸ்டம் சாஃப்ட்வேர், ஆபரேட்டிங் சிஸ்டம் இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. கணினியையே இயக்க உதவும் மென்பொருள்களான சிஸ்டம் சாஃப்ட்வேர் ஒரு குடும்பம் என்றால், ஆபரேட்டிங் சிஸ்டம் என்கிற இயங்குதளம் அதில் ஓர் உறுப்பினர். மதர்போர்டின் சிப்பில் பதிந்திருந்து, ஆன் செய்ததும் முதலில் ஓடும் பயாஸ் அல்லது அதன் புதிய வடிவமான யூ.இ.எஃப்.ஐ., பிரிண்டர் முதல் வைஃபை வரை ஒவ்வொன்றையும் இயக்கும் டிரைவர்கள், டிஸ்க்கைச் சரிபார்க்கும் கருவிகள், நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலர் எல்லாம் அதே குடும்பம்தான்.

இயங்குதளத்தின் நடுநாயகம் கெர்னல். நீங்கள் கடிதம் தட்டச்சு செய்து சேமிக்கிறீர்கள். அந்த மென்பொருள் தானே போய் டிஸ்க்கில் எழுதுவதில்லை. எழுதித் தரும்படி கெர்னலிடம் கேட்கிறது. தற்காலிக நினைவகமான ரேமில் இடம், பிராசஸரில் நேரம் எதுவானாலும் இதே முறைதான். அதனால்தான் ஒரு மென்பொருள் தவறு செய்தால் அது மட்டும் மூடிக்கொள்கிறது, மற்றவை ஓடுகின்றன. ஆனால் பல டிரைவர்கள் கெர்னலோடு சேர்ந்தே இயங்குகின்றன. அங்கே பிழை வந்தால் முழுக் கணினியும் நின்று, பிழையைச் சொல்லும் நீலத்திரை (புதிய விண்டோஸ் 11இல் கறுப்புத்திரை) காட்டும். 2024 ஜூலை 19 அன்று கிரௌட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் பழுதான ஓர் அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நின்றது இந்த வகைதான். நீலத்திரை அடிக்கடி வந்தால், அண்மையில் எந்த டிரைவரை மாற்றினீர்கள் என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் "நோ பூட்டபிள் டிவைஸ்" (தொடங்குவதற்கான டிஸ்க் இல்லை) என்று வருகிறது. ஹார்ட் டிஸ்க் போய்விட்டதா?

அவசரப்பட்டு புது டிஸ்க் வாங்காதீர்கள். பவர் பட்டனை அழுத்தியதும் யூ.இ.எஃப்.ஐ. விழித்து ரேம், கீபோர்டு போன்றவற்றைச் சோதிக்கிறது. பிறகு டிஸ்க்கின் ஒரு சிறு பகுதியில் இருக்கும் பூட் லோடரைத் தேடிப்பிடிக்கிறது. பூட் லோடர் கெர்னலை ரேமில் ஏற்றுகிறது. அதன் பிறகுதான் விண்டோஸோ லினக்ஸோ வருகிறது. உங்கள் கணினி பூட் லோடரைத் தேடும் கட்டத்தில் நிற்கிறது. டிஸ்க் நன்றாக இருந்தும் வழி தெரியாமல் போயிருக்கலாம்.

முதலில் பென் டிரைவ், வெளி டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். எதில் முதலில் தேடுவது என்று சொல்லும் பூட் வரிசையில் பென் டிரைவ் முதலில் இருந்தால், சில கணினிகள் அங்கேயே தேடி நின்றுவிடும். சரியாகவில்லை என்றால், ஆன் செய்த உடனே எஃப்2 அல்லது டெலீட் விசையைத் தட்டி செட்டப் பக்கத்துக்குள் போங்கள். சில கணினிகளில் எஃப்10. அங்கே உங்கள் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா?

தெரியவில்லை என்றால் கேபிள் தளர்ந்திருக்கலாம், எம்.2 அட்டை (மதர்போர்டில் நேராகச் செருகும் சிறு டிஸ்க்) சரியாகப் பொருந்தாமல் இருக்கலாம். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள். அப்படியும் தெரியாவிட்டால்தான் டிஸ்க்கைச் சந்தேகிக்க வேண்டும்.

தெரிகிறது என்றால் பூட் வரிசையைப் பாருங்கள். பிறகு பூட் முறை யூ.இ.எஃப்.ஐ.யா, லெகசி எனப்படும் பழைய பயாஸ் முறையா என்று பாருங்கள். யூ.இ.எஃப்.ஐ. முறையில் நிறுவிய விண்டோஸ், லெகசிக்கு மாறினால் எழுந்திருக்காது. தானாக எப்படி மாறும் என்று கேட்கலாம். தேதியும் நேரமும் பழைய வருடத்துக்குப் போயிருந்தால் அதுவே துப்பு: மதர்போர்டில் இருக்கும் 3 வோல்ட் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கிறது. பெரும்பாலும் அது சி.ஆர்.2032. அது தீர்ந்தால் செட்டப் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடக்கூடும். பேட்டரியை மாற்றி, முறையைத் திருத்தினால் போதும். இதெல்லாம் சரியாக இருந்தும் எழவில்லை என்றால், குறைந்தது 8 ஜி.பி. பென் டிரைவில் விண்டோஸ் நிறுவல் கோப்புகளை ஏற்றி, அதிலிருந்து "ஸ்டார்ட்அப் ரிப்பேர்" ஓட்டுங்கள்.

டிஸ்க்கில் பிட்லாக்கர் (உள்ளே இருப்பதைக் குறியாக்கி வைக்கும் விண்டோஸ் வசதி) பூட்டு இருந்தால், செட்டப்பில் கை வைக்கும் முன் 48 இலக்க மீட்பு எண்ணை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் கோப்புகளைத் திறக்க வழியில்லை.

கேள்வி: 4 ஜி.பி. ரேம். பிரவுசரில் நாலைந்து பக்கம் திறந்தாலே கணினி உறைகிறது. ரேம் கிளீனர் போடலாமா?

வேண்டாம். ரேம் நிறைந்தால் இயங்குதளம் அப்போது பயன்படாத பகுதிகளை 4,096 பைட் துண்டுகளாக (பேஜ்) டிஸ்க்கில் பேஜ் ஃபைல் என்ற கோப்பில் ஒதுக்கி வைக்கும். தேவைப்படும்போது திரும்ப எடுத்து வரும். ரேமிலிருந்து எடுக்க ஏறத்தாழ 100 நானோ நொடி ஆகிறது என்றால், சுழலும் பாகமில்லாத டிஸ்க்கான எஸ்.எஸ்.டி.யிலிருந்து அதுபோல் ஆயிரம் மடங்கு, சுழலும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து லட்சம் மடங்கு நேரம். போவதும் வருவதுமே வேலையாகிவிடும்போது கணினி உறைகிறது. ரேம் கிளீனர் செய்வதும் பெரும்பாலும் இந்தத் தள்ளிவிடும் வேலையைத்தான். அடுத்த நிமிடமே அவை திரும்ப ரேமுக்கு வந்தாக வேண்டும்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். மெமரி 90 சதவீதத்துக்கு மேலும் டிஸ்க் 100 சதவீதத்திலும் நின்றால் காரணம் இதுதான். ஸ்டார்ட்அப் பகுதியில் தேவையில்லாதவற்றை நிறுத்துங்கள். ரேமை 8 ஜி.பி. ஆக்குவதே நிலையான தீர்வு. பேஜ் ஃபைலை அணைக்கச் சொல்லும் அறிவுரையைக் கேட்காதீர்கள்; அணைத்தால் உறைவதற்குப் பதில் மென்பொருள்கள் பாதியில் மூடிக்கொள்ளும்.

கேள்வி: தினமும் ஷட் டவுன் செய்கிறேன். ஆனால் டாஸ்க் மேனேஜரில் கணினி 12 நாளாக ஓடுவதாகக் காட்டுகிறதே?

விண்டோஸ் 8 முதல் உள்ள ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்தான் காரணம். ஷட் டவுன் செய்யும்போது உங்கள் மென்பொருள்கள் மூடப்படுகின்றன. கெர்னலும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே டிஸ்க்கில் எழுதப்பட்டு, மறுநாள் அப்படியே ஏற்றப்படுகின்றன. டிரைவரில் சிக்கல் இருந்தால் அதுவும் கூடவே வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால் எல்லாம் புதிதாகத் தொடங்கும். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுத்தாலும் முழுமையாக அணையும்.

கேள்வி: 32 ஜி.பி. பென் டிரைவ் காலியாக இருந்தும் 5 ஜி.பி. வீடியோ ஏறவில்லை.

அது, கோப்புகளை அடுக்கி வைக்கும் பழைய முறைகளில் ஒன்றான ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கும். அந்த முறையில் ஒரு கோப்பின் அளவை எழுத 32 பிட் இடம்தான் உண்டு; 4 ஜி.பி.யைத் தொடும் கோப்பு ஏறாது. உள்ளே இருப்பவற்றை வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள். மிகப் பழைய டிவி சில எக்ஸ்ஃபேட்டைப் படிக்காது. அப்படியானால் ஃபேட்32லேயே விட்டு, வீடியோவை இரண்டாக வெட்டி ஏற்றுங்கள்.