புகைபோக்கி வழியே போவது என்ன? கேள்வி பதில்

கேள்வி: ஆலைப் புகைபோக்கியில் வெள்ளை வெளேரென்று புகை வருகிறது. ஆபத்தா சார்?

பதில்: அந்த வெள்ளை எங்கே முடிகிறது என்று பாருங்கள். கொஞ்ச தூரத்திலேயே சுவடில்லாமல் கரைந்தால், அது பெரும்பாலும் குளிர்ந்து துளியான நீராவிதான். எரிபொருளில் உள்ள ஹைட்ரஜன் எரிந்தாலே தண்ணீர் பிறக்கும். வெள்ளை கரைந்த பிறகும் நீல மூட்டம் நெடுந்தூரம் நீண்டால் கந்தக அமிலத் துளிகளைச் சந்தேகியுங்கள். இன்னொன்று: கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதால் சுத்தம் என்று நம்பிவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கும் கந்தக டை ஆக்சைடுக்கும் நிறமே கிடையாது.

கேள்வி: நான் பாய்லர் ஆபரேட்டர். லோடு (நீராவித் தேவை) ஏறும்போதெல்லாம் கரும்புகை வருகிறது. காற்றைக் கூட்டினால் நிற்கிறது, ஆனால் எரிபொருள் கூடுதலாகப் போகிறது.

பதில்: லோடு ஏறும்போது முதலில் காற்று, பிறகு எரிபொருள். இறங்கும்போது முதலில் எரிபொருளைக் குறையுங்கள், பிறகு காற்றை. இந்த வரிசை தப்பினால் எரியாத கார்பன் கரியாக வெளியேறும். நிரந்தரமாகக் காற்றைக் கூட்டி வைப்பது தீர்வல்ல. மிச்சக் காற்றையும் சூடாக்கி வெளியே தள்ளுகிறீர்கள், செலவு அங்கேதான் போகிறது. புகைவாயுவில் ஆக்சிஜன் இயற்கை எரிவாயுவுக்கு 2–3 சதவீதம், நிலக்கரிக்கு 4–6 சதவீதம் இருந்தால் பொதுவாகப் போதும். ஆக்சிஜன் தாராளமாக இருந்தும் கரும்புகை வந்தால் காற்றும் எரிபொருளும் சரியாகக் கலக்கவில்லை. பர்னரைப் பாருங்கள்.

கேள்வி: தூசு வரம்பு கன மீட்டருக்கு 150 மில்லிகிராம். நாங்கள் அளந்தது 120. ஆனாலும் மீறல் என்கிறார்கள். என்ன நியாயம்?

பதில்: அளக்கும்போது ஆக்சிஜன் எவ்வளவு?

அவரே: 12 சதவீதம். வரம்பு 6 சதவீத ஆக்சிஜனுக்குக் கணக்கிட்டது.

பதில்: அப்படியானால் உங்கள் அளவை 6 சதவீத ஆக்சிஜனுக்கு மாற்ற வேண்டும். காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்; அந்த 21-இலிருந்து 6, 12 இரண்டையும் தனித்தனியே கழியுங்கள்: 15, 9. 120-ஐ 15-ஆல் பெருக்கி 9-ஆல் வகுத்தால் 200. மீறல்தான். குழாயில் ஓட்டை விழுந்து வெளிக்காற்று நுழைந்தாலும் மீட்டரில் எண் இறங்கும். தூசு ஒரு துளிகூடக் குறைந்திருக்காது.

இன்னொருவர்: உயரமான புகைபோக்கியும் காற்றில் கலக்கத்தானே விடுகிறது? அது மட்டும் சரியா?

பதில்: நல்ல கேள்வி. உயரம் கூடினால் அடியில் இருப்பவர் சுவாசிக்கும் செறிவு குறையும், அது உண்மையான பலன். ஆனால் வெளியேறும் மொத்தம் அப்படியே இருக்கும். பிரிட்டனிலும் மத்திய ஐரோப்பாவிலும் வெளியேறிய கந்தகம் ஸ்காண்டிநேவிய ஏரிகளை அமிலமாக்கி மீன்களை அழித்தது. அதனால்தான் எல்லை தாண்டும் மாசுக்கென்று 1979-இல் ஜெனீவாவில் உடன்படிக்கையே வந்தது. உயரத்தைத் தூசுப்பைக்கும் (தூசை வடிகட்டும் பை) ஸ்க்ரப்பருக்கும் (புகைவாயுவைக் கழுவும் கருவி) மாற்றாகச் சொல்வதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

அவரே: அப்படியானால் செறிவை விட்டுவிட்டு மணிக்கு எத்தனை கிலோ என்று கேட்கலாமே?

பதில்: கேட்கத்தான் வேண்டும். காற்றைக் கலந்து கிலோவை மறைக்க முடியாது. ஆனால் கிலோ கணக்கு மட்டும் போதாது. சின்ன ஆலை எவ்வளவு மோசமாக எரித்தாலும் அதில் தப்பிவிடும். இரண்டும் வேண்டும்.

கேள்வி: வெள்ளைப் புகை வந்தால் ஆபத்தா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஜெனரேட்டர் அறைக்குள் இருக்கிறது. ஜன்னலைத் திறந்து வைத்தால் போதுமா?

பதில்: போதாது! இன்றே நிறுத்துங்கள். ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்வது கார்பன் மோனாக்சைடு. வாசனை இல்லை. தலைவலி என்று படுத்தவர் எழுந்திருக்கமாட்டார். இயந்திரத்தையே வெளியே, கதவு ஜன்னலுக்கு எட்டத்தில் வையுங்கள்.

கேள்வி: காலையில் மட்டும் வெள்ளையாக வருகிறதே?

பதில்: குளிர்காற்றில் நீராவி சீக்கிரம் துளியாகும். இனி வெள்ளைப் புகைக்குப் பதில் எழுதமாட்டேன்.

கேள்வி: எகனாமைசர் (புகைவாயுவின் வெப்பத்தை எடுத்துப் பாய்லர் தண்ணீரைச் சூடாக்கும் கருவி) போட்டு புகைவாயுவை 90 டிகிரிக்கு இறக்கலாமா? வெப்பம் வீணாகிறதே.

பதில்: கந்தகம் உள்ள எண்ணெய் என்றால் வேண்டாம். சுமார் 120–150 டிகிரியிலேயே கந்தக அமிலம் துளியாகிக் குழாயை அரிக்கத் தொடங்கும். கந்தகமற்ற இயற்கை எரிவாயு என்றால் 55 டிகிரிக்குக் கீழேகூட இறக்கி, நீராவி தண்ணீராகும்போது விடும் உள்ளுறை வெப்பத்தையும் எடுக்கலாம். குழாய் மட்டும் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். எந்த எரிபொருள் என்று எழுதுங்கள்.